தையலுக்கு விட்ட அரை அங்குலம்

அது வெள்ளை டெரிலின் சட்டை. தொண்டூர்க்காரர் ஒருவர் தம் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்தார். காலர் வைத்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. இருமி முடித்துப் பார்த்தால் சட்டைப் பையின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு. ஊசி குத்திவிட்டது என்று நினைத்துப் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் காயம் இல்லை. தையல்காரனுக்கு ரத்தம் என்றால் விரலிலிருந்துதான் வரவேண்டும். வேறு இடம் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பையைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறு பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. மறுவாரம் என் கைக்குட்டையில் இரண்டு பொட்டுகள் விழுந்தன.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒருவருக்கு இன்று காலைதான் டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொல்லியிருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தில் ஒன்றை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும். மற்றொன்றைத் தாராளமாகச் செய்யலாம், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு வயது இருபத்து நான்கு. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரே ஒரு மிஷின் போட்ட தையல் கடை வைத்திருந்தேன். மனைவி அம்சா, வல்லத்தில் இருந்த என் அத்தையின் மகள். எங்கள் பெண் கௌரி ஆனி மாதம் பிறந்தாள். நான் சொல்லும் இருமல் புரட்டாசியில் வந்தது.

அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, திண்டிவனம் போய் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது நுரையீரலின் மேல்பக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுப்பாக ஏதோ இருந்தது. காசநோய் என்றார். குணமாகிற நோய்தான், ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் ஒரு வருஷத்தில் பழையபடி மிஷினை மிதிக்கலாம் என்றார். நான் தலையாட்டினேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்பது.

இருக்கிறது, மூன்று மாதம் என்றேன். அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டார். "நீ தூக்கக்கூடாதுப்பா. பக்கத்துல போய் பேசக்கூடாது. மூணு மாசம் தொடர்ந்து சளிப் பரிசோதனையில (சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) ஒண்ணும் இல்லைன்னு வரணும். அன்னைக்கு நானே சொல்றேன், தூக்கிக்கோன்னு."

நோய் என்று சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. முதல்நாள் மாலைகூட அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை நடந்தவன் நான். டாக்டர் குழந்தையின் மார்பையும் பரிசோதித்துவிட்டு, அவளுக்கு ஒன்றும் இல்லை என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் விறகு போடும் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. விறகை வெளியே தள்ளிவிட்டு என்னை உள்ளே போட்டார்கள். வீட்டின் பின்வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவே பதினைந்து தப்படி. சரியாக நடுவில் துணி துவைக்கும் கல். அம்சா அங்கேயே ஒரு சட்டம் போட்டாள். நான் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போகக்கூடாது. கௌரி கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது. சோறு கல்லின்மேல் வரும், தட்டு கல்லின்மேல் திரும்பிப் போகும். தட்டை அவள் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பாள்.

முதல் இரண்டு மாதம் தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து). போட்ட கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப்போகும். நடந்தால் தெரு ஒரு பக்கமாகச் சாயும். மருத்துவமனையிலிருந்து திரும்பும் என்னைப் பார்த்து, நடேசன் காலையிலேயே கள் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களாம். நோய் என்று பேசுவதைவிட அது எனக்குக் கௌரவமாகவே இருந்தது. ஊசியோடு இரண்டு விதமான மாத்திரைகள். ஒன்று சின்னது, சாது. மற்றொன்று பாஸ் (கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கும் மருந்து). அது ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கைப்பிடி. விழுங்கியவுடன் வயிற்றைப் பிரட்டும். சோற்றுத் தட்டைக் கண்டாலே குமட்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய கஷ்டம் சும்மா இருப்பது. மிஷின் மிதிக்கக்கூடாது என்று உத்தரவு. எட்டு வயதிலிருந்து கையில் துணி இல்லாமல் நான் இருந்ததே கிடையாது. கட்டிலில் படுத்துக்கொண்டு, செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மலை எங்கேயும் போகாது. நானும் போகமாட்டேன். இப்படியே ஒரு மாதம் போனது.

கார்த்திகையில் அம்சாவின் தம்பி ஏகாம்பரம் லீவில் வந்தான். விமானப்படையில் மெக்கானிக். படிப்பதற்கு ஏதாவது வாங்கி வா என்று அவனுக்குக் கார்டு போட்டிருந்தேன். மாமாவாவது படிப்பதாவது என்று முடிவு செய்து, ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். பெட்டியின்மேல் மேகத்துக்குள் பறக்கும் விமானத்தின் படம். வண்ணம் கண்ணைப் பறித்தது. நான் ஆசையாகத் திறந்தேன். உள்ளே விமானம் இல்லை. சில குச்சிகள், கோடு போட்ட இரண்டு மெல்லிய பலகைகள், ஒரு விசிறி, ஒரு ரப்பர் வளையம், மடித்த காகிதம், ஒரு சின்னக் குழாய்ப் பசை.

அம்சா கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது, ஊதுவத்தியா?"

"ஏரோப்ளேன்க்கா. மாமாதான் செய்யணும்."

"சரியாப் போச்சு. ரெடிமேடா கெடைக்கலையா?"

ஏகாம்பரம் பொறுமையாக விளக்கினான். பால்சா என்று ஒரு மரமாம். உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். பலகைமேல் போட்டிருக்கும் கோட்டின்படி இறக்கையையும் வாலையும் வெட்டி, குச்சியில் ஒட்டி, முன்னால் விசிறியை மாட்டவேண்டும். அடியில் ரப்பரைக் கோத்து விசிறியை முறுக்கினால் அது பிரியும் வேகத்தில் பறக்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு, லீவு முடிந்து ரயில் ஏறிவிட்டான். காகிதத்தில் இருந்த குறிப்பெல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இஞ்ச் டேப்பில் இருக்கும் எண்கள் மட்டும்தான்.

ஆனால் கோடு போட்டிருந்தது. கோடு போட்டிருந்தால் எனக்கு எதற்கு இங்கிலீஷ்? சவரப் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாளின் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு கையில் ஒரு வேலை. மூச்சைக்கூட மறந்து, இறக்கையை ஒரே இழுப்பில் நறுவிசாக வெட்டி எடுத்தேன்.

வெட்டிய பிறகுதான் பார்த்தேன். இறக்கைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வாலின் கோடு இருந்திருக்கிறது. வாலில் பாதி, இறக்கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஏன் என்று யோசித்தேன். கோட்டின்மேல் நான் வெட்டவே இல்லை. கோட்டுக்கு வெளியே, சுற்றிலும் அரை அங்குலம் தள்ளி வெட்டியிருந்தேன். தையலுக்குத் துணி விடவேண்டுமே! பதினாறு வருஷமாகப் பழகிய கை, என்னைக் கேட்காமலே விட்டிருக்கிறது.

விஷயத்தை எழுதி ஏகாம்பரத்துக்குக் கார்டு போட்டேன். நான்கே நாளில் பதில் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "மாமா, மரத்துக்கு எதுக்குத் தையல்?" என்று மட்டும் எழுதியிருந்தான். அம்சா அதைப் படித்துவிட்டுத் துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரோஷத்தில், இருக்கிற வாலையே ஒட்டி மார்கழி முடிவதற்குள் பறக்கவிட்டேன். பெரிய இறக்கை, குட்டி வால். கையை விட்டதும் குதிரைபோல் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது, பிறகு அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்தது. மூன்று தடவை விட்டேன், மூன்று தடவையும் உட்கார்ந்தது.

மாட்டுப் பொங்கலுக்குக் குழந்தையோடு வல்லம் போன அம்சா, திரும்பி வரும்போது ஒரு நெட்டி மாலை கொண்டுவந்தாள். மாடுகளுக்குக் கட்டுகிற மாலைதான். ஏரியில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவிச் சாயம் ஏற்றிக் கோப்பார்கள். கௌரி அதில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கிய அம்சா கையில் வைத்துப் பார்த்தாள். இதுவும் உன் கட்டை மாதிரியே கனமே இல்லாமல் இருக்கிறது என்று சொல்லி, சாயம் ஏற்றாத தண்டு ஒன்றைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னபடியே இருந்தது. பால்சாவைவிட லேசாகவே இருந்தது. நீளவாக்கில் சீவி, நான்கு பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிப் புது வால் செய்தேன். இந்தத் தடவை பெரியதாகவே செய்தேன். முன்பக்கம் கொஞ்சம் கனம் தேவைப்பட்டது. ஒரு சட்டைப் பொத்தானை மூக்கில் ஒட்டினேன்.

ரப்பரை முறுக்கும்போதுதான் என் உடம்பின் கதை எனக்குத் தெரிந்தது. இருபது சுற்று சுற்றினால் மூச்சு வாங்கும். உட்கார்ந்துவிடுவேன். ஒரு வாரம் கழித்து முப்பது. மாசி பிறந்தபோது எழுபது. காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மருத்துவமனையில் சொல்வதற்கு முன்பே அது என் ஆள்காட்டி விரலுக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கும் ஏதாவது ஒரு அளவுகோல் தேவைப்படும். மாடிப்படி, தெருமுனை, எதுவாக இருந்தாலும் சரி. தேதியை மட்டும் எண்ணாதீர்கள், அது நகரவே நகராது.

மாசியில் ஒரு மாலை, காற்று அடங்கியிருந்த நேரம். பின்வாசற்படியில் அம்சா உட்கார்ந்திருந்தாள். மடியில் எட்டு மாதக் கௌரி. எண்பது சுற்று முறுக்கி விட்டேன். அது உட்காரவில்லை. நேராகக் கிளம்பி, துவைக்கும் கல்லைத் தாண்டி, கொஞ்சம் யோசித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து போய் அம்சாவின் காலடியில் இறங்கியது. கௌரி கை இரண்டையும் தட்டிக் கெக்கலித்தாள்.

நான் செய்த ஒன்று கல்லைத் தாண்டிவிட்டது! கொட்டகை வாசலில் நின்றபடி அழுதேன். சந்தோஷம்தான். அம்சா அதை எடுத்து என் பக்கம் வீசினாள். நான் முறுக்கி மறுபடி விட்டேன். இருட்டும் வரை இதே வேலை. பெரிய இறக்கைதான் அதை அவ்வளவு மெதுவாக மிதக்க வைத்தது என்று பிற்பாடு ஏகாம்பரமே ஒப்புக்கொண்டான். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். எத்தனை விமானம் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு சட்டைப் பொத்தான் இருக்கும்.

விமானத்தில் ஏறிக் கிருமி போகுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த நோய் பரவுவது இருமலில், மூச்சில், மரக்கட்டையில் அல்ல என்றார். உன் மனசு கேட்கவில்லை என்றால் வெயிலில் போட்டு எடு என்றார். அதன்பிறகு தினமும் மதியம் விமானம் கொடியில் துணியோடு துணியாகக் காயும். ஒரு நாள் கோட்டைக் குரங்கு ஒன்று இறங்கி வந்து நெட்டி வாலைக் கடித்துப் பார்த்தது. ருசிக்கவில்லை போலிருக்கிறது, துப்பிவிட்டுப் போய்விட்டது.

இனி என் இரண்டாவது முட்டாள்தனம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. இன்னும் ஒரே மாதம். இருமல் நின்றுவிட்டது, முகம் தெளிந்துவிட்டது, நூற்றுப் பத்து சுற்று முறுக்குகிறேன். நோய்தான் போய்விட்டதே, இந்தப் பாஸ் எதற்கு என்று தோன்றியது. சின்ன மாத்திரையை மட்டும் விழுங்கினேன். பாஸை விமானம் வந்த அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவைத்தேன். வயிறு குளிர்ந்தது. சோறு ருசித்தது. மூன்று வாரம் ராஜபோகம்.

சித்திரையில் ஒரு நாள் கௌரி பெட்டியின்மேல் இருந்த படத்தைக் கேட்டு அழுதாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்சா வந்து பெட்டியை எடுத்தாள். அது கலகலவென்று சத்தம் போட்டது.

விழித்துப் பார்த்தபோது துவைக்கும் கல்லின்மேல் மாத்திரைகளைக் குவித்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னா மாமா இது?"

உடம்பு சரியாகிவிட்டது, அதனால்தான் என்று ஏதோ இழுத்தேன்.

"சொக்காய்க்கு அரை இன்ச்சு வுடற. வெறுங்கட்டைக்குக் கூட வுட்ட. உன் உசுருக்கு வுடமாட்டியா?"

துணியின் விளிம்பிலேயே தையல் போட்டால் பார்வைக்குச் சட்டை சரியாகத்தான் இருக்கும். முதல் தடவை கையைத் தூக்கும்போது அக்குள் பிரியும். இதை என்னிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த எத்தனை பேருக்குத் தலையில் குட்டிச் சொல்லியிருப்பேன்! நோய் போய்விட்டதாக உடம்பு சொல்லும் இடம்தான் கோடு. அதற்கு வெளியே மருந்து சாப்பிடும் மாதங்கள்தான் தையலுக்கு விடும் துணி. இப்போது உங்களுக்கு ஆறே மாதத்தில் முடித்துவிடுகிறார்களாம். நல்லது. அந்த ஆறில் ஒரு நாளைக்கூடக் கத்தரிக்காதீர்கள்.

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஒரு மருந்தை மட்டும் தின்றால் கிருமி அதற்குப் பழகிவிடும், பிறகு எதற்கும் சாகாது என்பது அதன் சாரம். அந்த மாதச் சளியில் ஒன்றிரண்டு கிருமி மறுபடி தெரிந்தது. வைகாசி முழுக்க மறுபடி ஊசி. அது முடிந்து, மூன்று மாத எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அன்று நான் தூக்கியிருக்கவேண்டிய என் பெண், கல்லுக்கு அந்தப் பக்கம் எதையோ பிடித்துக்கொண்டு முதல்முறையாக எழுந்து நின்றாள். நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன். யாரையும் குறை சொல்லமுடியாது. பெட்டியில் போட்டது என் கைதான்.

அப்புறம் ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு வேளையும் அம்சா கல்லருகே நின்று, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். காட்டுவேன். கௌரியும் பார்த்துப் பழகித் தன் நாக்கைக் காட்டுவாள்.

ஆனியில் கிருமி இல்லை. ஆடியில் மலைப்பக்கமிருந்து அடித்த காற்றில் விமானத்தை வெளியே எடுக்கவே முடியவில்லை. சும்மா முறுக்கிப் பார்த்தேன், நூற்றைம்பது. அந்த மாதமும் இல்லை. ஆவணி முதல் வாரத்தில் மூன்றாவது முடிவு. டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "போய்த் தூக்கிக்கோப்பா. மருந்தை மட்டும் நிறுத்தாதே."

வீட்டுக்கு ஓடவில்லை, நடந்தேதான் வந்தேன். என் மூச்சை நான் நம்பவில்லை. பின்பக்கம் வந்து, பதினோரு மாதத்துக்குப் பிறகு துவைக்கும் கல்லைத் தாண்டினேன். கௌரி வீறிட்டு அழுது அம்சாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு நான் தூரத்தில் நிற்கிற ஆள். பக்கத்தில் வந்தால் வேறு யாரோ.

அம்சாவுக்கு முகம் வாடிவிட்டது. குழந்தையைத் திருப்பிக் காட்டப் பார்த்தாள். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டுக் கொட்டகை வாசலுக்குத் திரும்பிப் போனேன். கொடியிலிருந்து விமானத்தை எடுத்து முறுக்கினேன். எண்ணிக்கை பாதியில் தவறிவிட்டது. விட்டேன். அது பாதி தூரம் போய்க் கல்லுக்குப் பக்கத்திலேயே இறங்கிவிட்டது.

அழுகை நின்றது. கௌரி புடவையை விட்டுவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்து, விமானத்தை வாலைப் பிடித்துத் தூக்கினாள். வழக்கமாக அம்சாவிடம் கொடுப்பாள், அம்சா என் பக்கம் வீசுவாள். அன்று அம்சா கையை நீட்டவில்லை. கௌரி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கல்லைத் தாண்டி என்னை நோக்கி வந்து, முறுக்கிவிடு என்பதுபோல் அதை நீட்டினாள்.

குனிந்து விமானத்தோடு சேர்த்து அவளைத் தூக்கினேன். தூக்கியவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப்பார்த்தேன். அவ்வளவு கனமாக இருந்தாள். என் கைகள் மூன்று மாதக் குழந்தைக்கு அளவெடுத்து, அந்த அளவை அப்படியே வைத்திருந்தன. பதினோரு மாதம் என்பது எவ்வளவு என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம், வளர்ந்தாலும் போதும்படி வளர்த்தி விட்டுத் தைத்தவன், என் கைக்கு மட்டும் விட மறந்திருந்தேன்.

அவள் தலையை என் இடது தோளுக்குக் கீழே, எக்ஸ்ரேயில் பஞ்சு தெரிந்த இடத்தில் சாய்த்துக்கொண்டு, விசிறியை விரலால் சுற்ற ஆரம்பித்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. இறக்கிவிடவில்லை.